நீலம் ஏறும் வரை

காது அரிக்கிறது. எப்போதும் இப்படித்தான். இரண்டு கையிலும் கிளவுஸ் மாட்டி, கடைசிக் குழியில் கடைசிச் சொட்டையும் விட்டு, தட்டை அலுமினியத் தாளில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடி, இனி சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்று ஆன பிறகுதான் அதற்கு அரிப்பெடுக்கும். இடது காது மடலின் பின்பக்கம். சுண்டைக்காய் அளவுக்கு இருந்ததை வெட்டி எடுத்தார்கள், இப்போது நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது அந்தத் தழும்பு. சொறிய வேண்டுமென்றால் கிளவுஸைக் கழற்ற வேண்டும், கழற்றினால் திரும்ப மாட்ட வேண்டும், பெட்டியில் மிச்சம் இருப்பதெல்லாம் ஆம்பிளை சைஸ், விரல் நுனியில் தொளதொளவென்று தொங்கும். வேண்டாம். தோளைத் தூக்கிக் காதை அதில் வைத்துத் தேய்க்கிறேன், மாடு கல்தூணில் தேய்க்கிற மாதிரி. பார்க்க யாரும் இல்லை, சாப்பிடப் போனவர்கள் இன்னும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடி வெயில் உப்பளத்தில் காய்கிறது, லேபுக்குள்ளே பழைய ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டே இருக்கிறது. இழுப்பறையைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் நிறம் கெட்டுப்போகும். இருட்டில் அந்தச் சின்னக் குழிகளில் இப்போது நீலம் ஏறிக்கொண்டிருக்கும். புரதம் நிறைய இருக்கிற குழி நல்ல நீலமாகும், குறைச்சலாக இருக்கிற குழி வெளுத்துக் கிடக்கும், அவ்வளவுதான் விஷயம், ஒன்றாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொன்னால் அதற்கும் புரியும், இதைப் படித்து முடிக்க எனக்குத்தான் தலை நரைத்துவிட்டது. கடைசி வரிசை நீலமாக வேண்டும். மற்ற வரிசை எப்படியும் போகட்டும். கடைசி வரிசை நீலமானால் வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஆதினிக்குக் காது குத்தலாம், வெளுத்துப்போனால் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தட்டிடம் போய் நாள் நட்சத்திரம் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து தானாக நகர்கிறது. தளவாய், என் வீட்டுக்காரர். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போடுகிறேன். “இசக்கி, ஒங்க அண்ணன் பஸ் ஏறட்டுமான்னு கேக்கான். கம்மலு வாங்கியாச்சாம்.” “இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்லுதேங்க.” “அதான் மருந்து வேலை செய்யுதுன்னு போன வாரமே சொன்னியே?” “ஒரு தடவ பாத்தா போதாது.” “நீ கேஸ் அடுப்ப மூடிட்டே நாலு தடவ பாக்குறவ. புள்ளைக்கு மூணு வயசாச்சு, இன்னும் மூளிக் காதோட திரியுதேன்னு அம்மா கெடந்து புலம்புதா. மாமன் மடியில உக்காந்து காது குத்தாம என்ன புள்ளைன்னு கேக்காவ ஊர்ல.” “சொல்லுதேங்க.” வைத்துவிட்டார். கோபம் இல்லை அவருக்கு. அவருக்குக் கோபம் வந்தால்கூட நன்றாக இருக்கும், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

அந்தத் தட்டில் இருப்பது நான்தான். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். திருநெல்வேலியில் அறுத்தபோது டாக்டரிடம் கேட்டு அந்தச் சதைத் துண்டை ஒரு சின்ன பாட்டிலில் வாங்கிக்கொண்டேன், ஐஸ் பெட்டிக்குள் வைத்து மடியில் பிடித்தபடி, தலையைச் சுற்றிக் கட்டோடு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா “பெட்டியில என்ன மீனா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தத் துண்டிலிருந்து எடுத்த செல்கள்தான் இன்க்யுபேட்டரில் மாதக்கணக்காக வேளாவேளைக்குச் சாப்பிட்டு வளர்கின்றன, என்னைவிட நன்றாகத்தான் சாப்பிடுகின்றன, ஞாயிற்றுக்கிழமைகூட வந்து அதுகளுக்கு ஊட்டிவிட்டுப் போயிருக்கிறேன். வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்தது, வெட்டி எடுத்த துண்டும் கண்ணாடிக்குள் வளர்கிறது, ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது என் சொத்து. காயம் பட்ட இடத்துக்கு ஒரு புரதம் வந்து நிற்கும், நார் பின்னு, ஓட்டையை அடை என்று செல்களை ஏவும். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான ராயப்பன் சார் வகுப்பில் அதை மேஸ்திரி என்பார். சுவர் எழும்பியதும் மேஸ்திரி கூலியை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். என் மாதிரி உடம்பில் அவன் போகமாட்டான். வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சிக் குடியேறிய பிறகும் வாசலில் நின்று, இன்னும் கல்லு கொண்டா, இன்னும் சாந்து கொண்டா என்று விரட்டிக்கொண்டே இருப்பான். அவன் வாயை அடைக்கத்தான் கட்டக்கோரை. கரையில் பழுப்பாகக் குவிந்து கிடக்குமே, ஈ மொய்த்துக்கொண்டு, காலில் மிதித்தால் பட்பட்டென்று சின்னச் சின்னப் பை வெடிக்குமே, அந்தப் பாசி. அதை அலசி, காய வைத்து, கொதிக்க வைத்து, சளி சளியாக இறங்குவதை வடிகட்டி, ஸ்பிரிட்டில் திரள வைத்து, உலர்த்தினால் கடைசியில் கைப்பிடி அளவுக்குப் பழுப்புத் தூள் கிடைக்கும். அந்தத் தூளைச் செல்களுக்குக் கொடுத்தால் மேஸ்திரிப் புரதம் குறைகிறது என்று எங்கெங்கோ பார்த்திருக்கிறார்கள், நாங்களும் பார்த்தோம். பாசி நாற்றம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. இரண்டு சோப்புப் போட்டுக் குளித்தாலும் ஆதினி என் கழுத்தில் மூக்கை வைத்து “அம்மா மீனு” என்பாள். அவள் என்னோடு படுத்து எத்தனை நாளாயிற்று. நான் வீட்டுக்குப் போகும்போது பாதி நாள் தூங்கியிருக்கிறாள், அவள் ஆச்சி பக்கத்தில், ஆச்சியின் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு. எழுப்பினால் அழுவாள். எழுப்பாமல் வந்து படுத்துக்கொள்வேன், படுத்தவுடன் காது அரிக்கும்.

எனக்கும் சின்னதில் குத்திய காதுதான். அப்போது ஒன்றும் ஆகவில்லை. பெரியவளான பிறகு பூப்புனித நீராட்டுக்குக் கனமான ஜிமிக்கியைப் போட்டுவிட்டார்கள், இடது காது புண்ணாயிற்று, சீழ் வைத்தது, ஆறியது, ஆறி முடிந்த பிறகும் ஆறிக்கொண்டே இருந்தது. வலது காது தப்பித்துவிட்டது. அதுதான் இப்போது எனக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது. “ரெண்டுல ஒண்ணு நல்லாத்தான இருக்கு?” என்பார் தளவாய். ரெண்டில் ஒன்று. பிள்ளையின் காதை வைத்துப் பூவா தலையா போடச் சொல்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. பெண் பார்க்க வந்தபோது அம்மா எனக்கு இடது பக்கமாக மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டாள். கல்யாணத்தன்று ஜிமிக்கியை நூலில் கட்டிக் காதுக்கு மேலே முடியில் முடிந்தார்கள், தாலி கட்டக் குனிந்தபோது அது ஆடி ஆடி என் கன்னத்தில் இடித்தது இன்னும் நினைவிருக்கிறது, தாலி கட்டியது அவ்வளவாக நினைவில்லை. மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தை உதறும்போது அத்தை பார்த்துவிட்டாள், என் மாமியார். பார்த்தவள் ஒன்றுமே கேட்கவில்லை. மருமகளுக்குக் கொடுக்க என்று தன் ஜிமிக்கியைத் துடைத்து எடுத்து வைத்திருந்தாள், அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து பீரோவைப் பூட்டினாள். பூட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவே இல்லை, இத்தனை வருஷத்தில் என் காதைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை, நானும் அவள் முன்னால் கொண்டை போட்டதில்லை. அந்த ஜிமிக்கி இப்போது ஆதினிக்காகக் காத்திருக்கிறது. ஆதினியின் தோளில் தடுப்பூசி போட்ட தழும்பு இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அது சின்னக் குழியாக இருக்கும், இவளுக்கு மேடாக இருக்கிறது. ரோஸ் நிறத்தில், வழவழவென்று, தொட்டால் கெட்டியாக. குளிப்பாட்டும்போது முதன்முதலாக விரலில் தட்டுப்பட்ட அன்று கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னிடமிருந்து வேறு எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே. கணக்கு நன்றாக வரும் எனக்கு, குரல் சுமாராக இருக்கும், தலைமுடி அடர்த்தி. இதையா எடுத்துக்கொண்டாய் என்று கேட்டேன், அவள் தண்ணீரை என் முகத்தில் அடித்துச் சிரித்தாள். ஒரு வயதில் குத்த வேண்டியதைக் காய்ச்சல் என்று தள்ளினேன், பிறகு மழை என்று தள்ளினேன், பிறகு யாரோ தூரத்துச் சொந்தம் செத்ததில் தீட்டு என்று தள்ளினேன், நல்லவேளை செத்தார்கள் என்றுகூட நினைத்தேன். போன வாரம் தட்டில் பாசி போட்ட குழிகள் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் தளவாயிடம் வாயை விட்டுவிட்டேன். அவர் அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், எம் பொண்டாட்டி மருந்து கண்டுபிடிச்சிட்டா, இனிமே என்ன பயம். தேரிக்காட்டு ஓரம் எங்கள் சாஸ்தா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை. மொட்டை, காதுகுத்து, கறிச்சோறு.

இழுப்பறையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் என்ன? தாள் சுற்றித்தானே இருக்கிறது? தாள் சுற்றியிருந்தால் பார்த்தும் ஒன்றும் தெரியாது. பேசாமல் இரு. போன வாரம் அந்த வெளுப்பைப் பார்த்த அன்று ராத்திரியே சந்தேகம் வந்துவிட்டது, பல் துலக்கும்போது, வாயில் நுரையோடு. பாசிச் சளி ஒட்டும். குறிப்பாக இந்தப் புரதத்தை அது போய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இது படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். சோதனையோ புரதத்தின் முகத்தைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. பாசி போய் அந்த முகத்தைப் போர்த்திவிட்டால்? புரதம் அங்கேயேதான் இருக்கும், சோதனைக்கு மட்டும் கண்ணில் படாது, குழி வெளுத்துப்போகும், நாங்கள் கைதட்டுவோம். ராயப்பன் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இசக்கி, நல்ல ரிசல்ட் வந்தா இவ்வளவு சந்தேகப்படுதீங்க. கெட்ட ரிசல்ட் வந்திருந்தா இப்படி மெனக்கெட்டு சந்தேகப்பட்டிருப்பீங்களா?” “பிடிச்சு வச்சாலும் நல்லதுதானம்மா? வேல செய்யவிடாம வச்சிருக்கும்லா?” என்றார். இருக்கலாம் சார். கட்டிப்போட்டிருக்கலாம், இல்லை சும்மா ஒளித்து வைத்து நாளைக்கு அவிழ்த்தும் விடலாம், நமக்குத் தெரியாதே சார் என்றேன். “சரி, பாத்துருங்க” என்றார். நல்ல மனுஷர்தான். அவருக்கும் போன வார வெளுப்பு நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது, மாநாட்டில் பேசப் பெயர் கொடுத்துவிட்டார். அதனால்தான் கடைசி வரிசை. அதில் என் செல் எதுவும் கிடையாது. புட்டியில் விலைக்கு வாங்கிய அதே மேஸ்திரிப் புரதத்தை அளந்து விட்டு, அதோடு பாசிக் கரைசலைச் சேர்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வரிசையில் அதே புரதம், பாசிக்குப் பதில் வெறும் கரைசல். இரண்டும் ஒரே நீலமாக வந்தால் பாசி எதையும் மறைக்கவில்லை, போன வாரம் பார்த்தது நிஜம். கடைசி வரிசை மட்டும் வெளுத்தால் போன வாரம் பார்த்தது வெறும் போர்வை. ஆனால் அப்படியே நிஜமாக இருந்தாலும் தட்டில் குறைந்தது காதில் குறைய இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது. எலிக்குக் கொடுக்க வேண்டும், முயல் காதில் பார்க்க வேண்டும், மனிதருக்கு வர வேண்டும், அதற்குள் ஆதினிக்குக் கல்யாண வயதே வந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். போன வாரமும் தெரியும். தெரிந்துகொண்டே எதற்காக இந்தக் கடைசி வரிசையைப் பிடித்துத் தொங்குகிறேன், நீலமானால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தூளைப் பிள்ளை காதில் அப்பிவிடப் போகிறேனா? எந்தப் பக்கம் சுற்றினாலும் இங்கேதான் வந்து முட்டுகிறேன். முட்டியதும் மறுபடி காது அரிக்கிறது. தூங்க வேண்டும். எதையும் நிரூபிக்காமல் ஒரு நாள் தூங்க வேண்டும். ஆசாரி குத்தும்போது பிள்ளை கண்ணைக் கட்டுவார்களா? மாமன் கையால் பொத்துவான். சுடலைமணி அண்ணன் கை பெரிய கை, முகமே மூடிவிடும். அவள் அம்மா என்று கத்துவாள், சுற்றி நிற்கிறவர்கள் சிரித்து வாயில் சர்க்கரையைப் போடுவார்கள், எல்லாப் பிள்ளையும் அழுகிறதுதானே. அந்த அழுகை அரைமணியில் நின்றுவிடும். பின்னால் வருவதற்குத்தான் சத்தம் கிடையாது.

டைமர் மணி அடித்துவிட்டது. இழுப்பறையை இழுக்கிறேன், தட்டை எடுத்து மேசையில் வைக்கிறேன், தாளைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையை அதன்மேல் வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளையில் பரீட்சை முடிவு வந்த அன்று பேப்பரைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி. பிரி, இசக்கி. பிரிக்கிறேன். மேல்வரிசைகள் நன்றாக ஏறியிருக்கின்றன, சொட்டு நீலம் போட்ட வேட்டித் தண்ணீர் மாதிரி, என் காதுச் செல்கள் எந்தக் குறையுமில்லாமல் புரதத்தைக் கக்கியிருக்கின்றன. பாசி கொடுத்த வரிசைகள் வெளுப்பு, போன வாரம் போலவே. புட்டிப் புரதமும் வெறும் கரைசலும் இருக்கிற வரிசை அடர் நீலம். கடைசி வரிசை வெளுப்பு. தட்டைச் சாய்த்துப் பார்க்கிறேன், வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்க்கிறேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். வெளுப்புதான். நானே அளந்து விட்ட புரதம், என் கையால் விட்டது, அங்கேதான் இருக்கிறது, இல்லாததுபோல் இருக்கிறது. சோதனையை நிறுத்த அமிலத்தை விடுகிறேன், நீலமெல்லாம் மஞ்சளாக மாறுகிறது, கடைசி வரிசையில் மாறுவதற்குக்கூட ஒன்றும் இல்லை. போர்வைதான். இடது பக்கம் மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டு பெண் பார்க்க உட்கார வைத்திருக்கிறது என் பாசி. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, கால் மட்டும் வலிக்கிறது, காலையில் தட்டில் சொட்டு விட்டுக்கொண்டு நின்ற கால். ராயப்பன் சாருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்கு. கிளவுஸைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுத் தளவாயின் எண்ணை அழுத்துகிறேன்.

அத்தைதான் எடுத்தாள். “என்னளா? அவன் போன வச்சிட்டு சமையக்காரனப் பாக்கப் போயிருக்கான்.” பின்னால் டிவி ஓடுகிறது, ஆதினி அதோடு சேர்ந்து ஏதோ பாடுகிறாள். அவரிடம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிடப் பார்த்தேன். வைத்தால் மறுபடி இதே சுற்று. “அத்தை, புள்ளைக்குக் காது குத்த வேண்டாம்.” டிவி சத்தம் நின்றது. “மருந்து?” “மருந்து இல்ல அத்தை. இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. இன்னைக்குப் பாத்தா இல்ல.” பீரோ பூட்டுகிற சத்தம் கேட்கும் என்று ஏனோ காத்திருக்கிறேன். “இதச் சொல்லத்தானா இத்தன நாளு பம்மிக்கிட்டுக் கெடந்த?” என்கிறாள் அத்தை. “நீ பெத்த புள்ள. எனக்கு வேண்டாம், பயமா இருக்குன்னு ஒத்த வார்த்த சொல்லிருந்தா நான் என்ன ஒன் கழுத்தயா நெரிச்சிருப்பேன்? மருந்து கண்டுபிடிச்சு, அது இல்லன்னும் கண்டுபிடிச்சு, அதுக்குப் பொறவுதான் சொல்லணுமாளா?” “ஒங்க அண்ணன் வரட்டும். மொட்ட மட்டும் போடுவோம். கம்மல சாஸ்தா காலடியில வச்சிட்டு எடுத்துட்டு வந்துருவோம். கேக்கிறவளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்.” சரி என்றேன். வைத்துவிடுவாள் என்று பார்த்தால் வைக்கவில்லை. “இசக்கி. அது ஒனக்கு வலிக்குமாளா?” “எது அத்தை?” “காதுதான்.” இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் கேட்டதில்லை. “வலிக்காது அத்தை. அரிக்கும்.” “எப்பம்?” “எப்பவும்தான். ராத்திரி படுத்தா ரொம்ப.” தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. “ஏளா,” என்கிறாள், குரலே வேறாக இருக்கிறது, “இந்தப் புள்ள ராவெல்லாம் தோளச் சொறியுதுளா. தூக்கத்துலயே. அந்த ஊசி போட்ட எடத்த. நான் கொசுன்னுல்லா நெனச்சேன். அதுக்குத்தான ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னேன் ஒம் புருசன்ட்ட.” வலை அடித்திருக்கிறது, பார்த்திருக்கிறேன், பச்சை வலை, எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்கிறேன். “தேங்காண்ண தடவட்டா? அதுக்குக் கேக்குமா?” “கேக்காது அத்தை. தடவுங்க. அழுத்தாம தடவுங்க.” போனை வைக்காமலே அடுப்படிக்கு நடக்கிறாள், எண்ணெய்ப் புட்டி மூடி திருகுகிற சத்தம் கேட்கிறது, வாட்டி எந் தங்கம் கையக் காட்டு என்கிற சத்தம் கேட்கிறது. ஆதினி சிணுங்கவில்லை, இதமாக இருக்கிறது போல. கொஞ்ச நேரம் கழித்து “இங்கயும் ஆச்சி” என்கிறாள். எந்த இடத்தைக் காட்டுகிறாள் என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.